வேருக்கு ஒரு முழம்

கார்த்திகை மாதத்துக் காலை. மூன்று நாள் அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு அத்தை கையில் செம்போடு கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். கணுக்கால் வரை சேறு. எதிரே, அவர் ஆசையாய் வைத்த பத்துத் தக்காளிச் செடிகளும் தலை தொங்கிக் கிடந்தன.

"என்ன அத்தை, இந்தச் சேத்துல போய்த் தண்ணி ஊத்துறீங்க?"

"பின்ன என்னப்பா? வாடிக் கிடக்கு பாரு. வாடுனா தண்ணி ஊத்தணும், அதானே?"

சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை. ஏனென்றால் அத்தை கண்டது சரி. அந்தச் செடிகள் நிஜமாகவே தாகத்தில்தான் வாடின. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தாகத்தில் சாவது தக்காளிக்கு மட்டும் வாய்த்த கொடுமை இல்லை. கத்தரி, மிளகாய், கொத்தவரை, முருங்கை எல்லாவற்றுக்கும் அதே கதிதான். ஐப்பசி, கார்த்திகையில் காரைக்கால் பக்கம் வீட்டுத்தோட்டம் போட்ட எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். 'வேர் அழுகிடுச்சு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். அழுகல் கடைசியில் வருவது. அதற்கு முன் மண்ணுக்கடியில் ஒரு நாடகம் நடந்து முடிந்திருக்கும்.

செடி ஆக்சிஜனை வெளியே விடுகிறது என்று பள்ளியில் படித்ததோடு நாம் நின்றுவிடுகிறோம். இலைக்கு அது சரி. மண்ணுக்குள் வெளிச்சம் ஏது? இலை சமைத்த சர்க்கரை தண்டு வழியே கீழே இறங்குகிறது. அதை எரித்துச் சக்தியாக்க, நமக்கு வேண்டியது போலவே, வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகள்தான் அதன் சன்னல்கள். நல்ல தோட்ட மண்ணை ஒரு கை அள்ளினால் அதில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். மழை பெய்து வடிந்தபின் சின்ன இடுக்குகளில் நீரும் பெரிய இடுக்குகளில் காற்றும் தங்கும். வடியவில்லையென்றால் எல்லாச் சன்னலும் நீரால் அடைபடும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீரில் பரவுகிறது. மண்ணிலிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் மிச்சம் மீதியையும் ஓரிரு நாளில் உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன.

மூச்சு முட்டிய வேர் முதலில் செய்யும் காரியம்தான் விசித்திரம். தண்ணீர் உள்ளே வரும் கதவைச் சாத்திக்கொள்கிறது. வேர்ச் செல்லின் சவ்வில் நீருக்கென்றே தனி வாயில்கள் உண்டு. ஆக்சிஜன் இல்லாத செல்லுக்குள் புளிப்புத் தன்மை ஏறுகிறது, ஏறியதும் அந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் இதைக் கண்டு 2003-இல் சொன்னவர்கள் பிரான்சின் மான்பெலியே நகரத்து ஆய்வாளர்கள். சுற்றிலும் நீர், உள்ளே வறட்சி. அத்தையின் செம்புக்கு அங்கே வேலையே இல்லை.

இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்கியதற்கு இன்னொரு கதை. 1980-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் கென்ட் பிராட்ஃபோர்டும் ஷாங் ஃபா யாங்கும் நீரில் நிற்கவைத்த தக்காளியைக் கொண்டே இதைத் துலக்கினார்கள். மாங்காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவுக்கு முந்தைய ஒரு பொருளை வேர் தயாரிக்கிறது. அதை எத்திலீனாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும். வேரிடம் அது இல்லை. பாதி செய்த சரக்கு சாற்றோடு மேலே போகிறது. இலையைச் சுற்றிக் காற்றுக்குப் பஞ்சமா? அங்கே போய் அது எத்திலீனாகிறது, காம்பு வளைகிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து பழம் பழமாக இறைக்கிற ஊர் எங்கள் ஊர். அந்தப் பழத்தைக் கனிய வைக்கும் அதே வாயுதான் கார்த்திகையில் தக்காளிக்குச் சாவுச் செய்தி கொண்டுவருகிறது.

காரைக்காலில் இது ஏன் இத்தனை கடுமை? ஊரின் இருப்பிடம் அப்படி. பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் கைக்கொண்டு 1954-இல் விட்டுப்போன, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் நிலம். சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக் கடல். குடகிலிருந்து கிளம்பிய காவிரி பிரிந்து பிரிந்து அரசலாறாய், நாட்டாறாய், திருமலைராயனாறாய் இங்கே வந்து கடலில் சேர்கிறது. கடைமடை என்ற சொல்லின் முழு அர்த்தமும் தெரிய வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வரவேண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. இந்தக் கடைமடைக்கானதுதான். கோடையில் வராத தண்ணீர் மழைக்காலத்தில் மேலேயிருந்து மொத்தமாக வரும். ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வடகிழக்குப் பருவமழையின் இரண்டு மூன்று மாதத்தில் கொட்டிவிடும். 2022 நவம்பரில், இங்கிருந்து அதிகத் தூரமில்லாத சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது. 44 சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு முழம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த முழம் திரும்ப வரும்.

இதில் மனிதர் கைவரிசையும் உண்டு. தெருவில் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். இருபது வருஷத்தில் வாசல்படி இரண்டு காணாமல் போயிற்று. கொல்லை மட்டும் தாத்தா காலத்து மட்டத்திலேயே இருக்கிறது. விளைவு, பழைய வீட்டுக் கொல்லைகள் பலவும் இப்போது யாரும் வெட்டாத குட்டைகள்.

அத்தை வீட்டுக் கொல்லையில் அன்றைக்கே மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டிப் பார்த்தேன். மேலே கறுத்த மண். அதன் கீழ் நீலமும் சாம்பலும் கலந்த களி, லேசாக முட்டை அழுகிய வாடை. ஆக்சிஜன் தீர்ந்தபின் நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை. முதலில் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குகின்றன, தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிடுகிறது. அதனால்தான் மழைக்குப்பின் இலை வெளுக்கிறது. அந்த நேரத்தில் யூரியா போடுவது பணத்தையும் சேர்த்துக் காற்றில் விடுவது. அடுத்து இரும்புத் துருவில் இருக்கும் ஆக்சிஜன். சிவப்பு போய் மண் நீலம் பூக்கிறது. பிறகு சல்பேட், அதுதான் அந்த வாடை.

அந்த நீலக் களியைக் கட்டியாக எடுத்து உடைத்தேன். உள்ளே செம்பட்டை நூல்கள் ஓடியிருந்தன. ஊசி நூல் கனம், ஒவ்வொன்றின் நடுவிலும் மயிரிழைத் துளை. ஒரு காலத்தில் அங்கே கோரையோ நெல்லோ வேர்விட்ட தடம் அது. நெல்லின் வேருக்குள் தண்டிலிருந்து கீழே வரை காற்றுக் குழாய்கள் உண்டு. மேலேயிருந்து இழுத்த ஆக்சிஜனைத் தன் வேருக்குப் போக, சுற்றியுள்ள சேற்றுக்கும் கொஞ்சம் கசியவிடும். அது பட்ட இடத்தில் இரும்பு மறுபடி துருவாகிச் சிவக்கும். செடி செத்து, வேர் மட்கிப் போனபிறகும் அது விட்ட மூச்சின் தடம் களிமண்ணில் துருவாக நிற்கிறது. டெல்டாவில் நெல் ஏன் ராஜா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

தக்காளிக்கு இந்தக் குழாய் வசதி இல்லை. எள்ளுக்கோ நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் தேங்குவதைக் கொஞ்சமும் பொறுக்காத பயிர்களில் அது ஒன்று. சனிபகவானுக்கு எள் தீபம் ஏற்ற ஊர் ஊராகத் திருநள்ளாற்றுக்கு வருகிறார்கள், காரைக்காலுக்குள் இருக்கும் ஊர்தான். அந்த எள்ளுக்குச் சனி யார் என்று இந்தப் பக்கத்து விவசாயியைக் கேட்டால், வயலில் நிற்கும் தண்ணீரைக் காட்டுவார்.

குழாய் இல்லாத செடிக்கு ஒரே வழி, அதைத் தண்ணீருக்கு மேலே ஏற்றி வைப்பது. மேட்டுப்பாத்தியை ஏதோ வெளிநாட்டு மோஸ்தர் என்று நினைப்பவர்கள், பலகை அடித்த பெட்டிகளின் படங்களைப் பார்த்து ஏமாந்தவர்கள். குளிர்நாட்டில் மண் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகப் பாத்தியை உயர்த்துகிறார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது. நம் காரணம் வேறு, அது மிகப் பழையது. வயல் நடுவே மண்ணைக் குவித்து உயர்த்தி, அதில் வீடும் தென்னையும் வைத்து, 'திடல்' என்று பெயரிட்டவர்கள் டெல்டாக்காரர்கள். கும்பகோணம் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். வாய்க்காலாக வெட்டி, வெட்டிய மண்ணை இரண்டு பக்கமும் ஏற்றி, அகத்தியை நட்டு அதில் கொடியைப் படரவிடுகிறார்கள். மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் ஏரிச் சேற்றை வாரிக் குவித்துத் தீவு தீவாகத் தோட்டம் போட்டதும் இதே யோசனைதான். சுனாமிக்குப் பிறகு அந்தமானில், கடல்நீர் புகுந்த தாழ்நிலங்களுக்கு போர்ட் பிளேரின் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்ததும் அகலப் பாத்தியும் ஆழ வாய்க்காலும் என்ற முறைதான். மேட்டில் காய்கறி, பள்ளத்தில் நெல்லும் மீனும்.

எவ்வளவு உயரம் வேண்டும்? பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்துத் தட்டையாகக் கிடத்திப் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இனி ஒரு சொட்டும் வராது என்று தெரிந்ததும், அதே பஞ்சை நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும்! பஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான், கூடியது உயரம் மட்டும். பஞ்சின் அடியில் ஒரு பட்டை எப்போதும் முழுக்க ஈரமாகவே நிற்கும். நுண்துளைகள் புவியீர்ப்பை எதிர்த்து நீரைப் பிடித்துவைத்திருக்கும் இடம் அது. அந்தப் பட்டையின் கனத்தைத் தீர்மானிப்பது துளைகளின் அளவு, உயரம் அல்ல. ஆகவே எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவும் பட்டைக்கு மேலே காற்றுக்குக் கிடைக்கும் இடம். களிமண்ணில் துளை சிறியது, பட்டை கனமானது. எனவே கடற்கரை மணலுக்கு வேண்டாத உயரம் எங்கள் பக்கத்து நெடுங்காட்டுக் களிமண்ணுக்கு வேண்டும். என் கணக்கில் நம் உள்ளூர்க் களிக்கு ஒரு முழம். சீர்காழியில் அன்று பெய்ததும் அதே முழம்தான்.

இந்தப் பஞ்சே ஒரு பழைய நம்பிக்கையையும் உடைக்கிறது. தொட்டியிலும் பெட்டியிலும் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் போட்டிருக்கிறேன். வடியாது. மண்ணின் சிறு துளையிலிருந்து ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் நீர் சுலபத்தில் இறங்காது. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜல்லி தின்ற உயரம் வேருக்கு நஷ்டம்.

முழ உயரத்துக்கு மண் விலைக்கு வாங்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். நாலடி அகலம், பத்தடி நீளம், ஒன்றரை அடி உயரம் என்றால் அறுபது கன அடி, அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பாத்தியைச் சுற்றி முக்கால் அடி வெட்டி அந்த மண்ணைப் பாத்தி மேல் போட்டால், பள்ளம் முக்கால், மேடு முக்கால், ஆக ஒன்றரை அடி வித்தியாசம் சும்மா கிடைக்கும். வேருக்குத் தேவை இந்த வித்தியாசம்தான், தரையிலிருந்து அளந்த உயரம் அல்ல. வெட்டிய வாய்க்காலுக்கு ஒரு போக்கு மட்டும் இருக்க வேண்டும். போக்கில்லாத வாய்க்கால் கொசுவுக்குக் கட்டிய தொட்டி. நாலடிக்கு மேல் அகலம் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்டினால் போதும். பாத்தி மேல் கால் வைக்கவே கூடாது. ஒரு மிதியில் நசுங்குவது பெரிய இடுக்குகள், அதாவது காற்று இருக்கும் இடுக்குகள்.

களியோடு மட்கிய எருவும் கொஞ்சம் மணலும் கலக்கலாம். தென்னைநார்க் கழிவு நம் பக்கம் மலிவு. ஆனால் பச்சையாகப் போட்டால் வில்லங்கம். அதில் கரி நூறு பங்கு என்றால் தழைச்சத்து ஒரு பங்குதான். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடியின் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். சிப்பிக்காளான் வித்தைக் கொண்டு அதை மட்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கற்றுத்தருகிறது. ஓரத்துக்குத் தென்னந்தண்டு போட்டேன், கஜா புயலில் சாய்ந்த மரத்தது. இரண்டே வருஷத்தில் கரையான் தீர்த்துக்கட்டிவிட்டது. செங்கல்லோ, ஓரம் சரிவாக வெட்டிய வெறும் மண்ணோ போதும்.

அடுத்தது உப்பு. கடலோரத்தில் தோட்டம் போடுகிறவனுக்கு இது தப்பாது. போர்த் தண்ணீரில் உப்பு, காற்றில் உப்பு, கோடையில் அடிமண்ணிலிருந்து விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவரும் ஈரத்திலும் உப்பு. நீர் ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும். மேட்டுப்பாத்தியில் இது எங்கே சேரும் என்று கவனித்தால் வேடிக்கை. இரண்டு பக்க வாய்க்காலிலிருந்தும் ஈரம் ஏறி நடு உச்சியில் சந்திக்கிறது. அங்கேதான் வெள்ளையாகப் பூக்கும். நாம் நாற்றை வரிசையாக நடுவது எங்கே? சரியாக அந்த நடு உச்சியில்! உப்பு மண்ணில் பாத்தியின் தோளில் நட வேண்டும், உச்சியை வெறுமனே விட வேண்டும். உவர் நிலத்தில் பார் பிடித்துப் பயிர் செய்கிறவர்கள் பாரின் சரிவில் விதைப்பதன் ரகசியம் இதுதான்.

இந்த உப்புக்கு மருந்து ஐப்பசி மழையே. ஓரடி மண்ணுக்குள் ஓரடி நல்ல நீர் ஊடுருவிக் கீழே போனால், அதிலுள்ள உப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழுவிக்கொண்டு போகும். நம் பருவமழை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆனால் 'கீழே போனால்' என்பதுதான் சங்கதி. சமதரைக் களியில் நீர் நின்று ஊறி, அதே இடத்தில் ஆவியாகும். உப்பு எங்கேயும் போகாது. மேட்டுப்பாத்தியில் அது வாய்க்காலுக்கு இறங்கி வெளியேறுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை முழுக்கக் கடல்நீர் புகுந்தபோது இனி பத்து வருஷத்துக்கு ஒன்றும் முளைக்காது என்று பயந்தோம். வடிகால் இருந்த நிலங்களை அடுத்துவந்த மழைகள் பெருமளவு கழுவிக் கொடுத்துவிட்டன.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மேட்டுப்பாத்தி ஒரு தண்டனை. மேலேயும் பக்கவாட்டிலும் காய்கிறது, காலையில் ஊற்றியது மாலையில் இல்லை. கார்த்திகையில் காப்பாற்றிய அதே உயரம் சித்திரையில் செடியைக் கொல்லும். ஆகவே பாத்தியை நிரந்தரக் கட்டடமாக நினைக்கக் கூடாது. மாசி முடிந்ததும் உச்சி மண்ணைச் சுரண்டி வாய்க்காலை நிரப்புகிறேன், வைக்கோலும் வாழைச்சருகும் கொண்டு ஒரு கை கனத்துக்கு மூடாக்குப் போடுகிறேன், புரட்டாசியில் மறுபடி வெட்டி ஏற்றுகிறேன். வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு மாதிரி கடலை ஒட்டிய மணல் நிலத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். அங்கே நீர் தானே வடிகிறது, பாத்தியைத் தரைக்குக் கீழே இறக்குவதே புத்தி.

என்ன வைக்கலாம் என்பதில் நான் பெரிய நிபுணன் இல்லை. ஆடியில் விதைத்த வெண்டையும் கொத்தவரையும் மழை இறுகுமுன் காய்த்துவிடும். கார்த்திகையைத் தாண்ட வேண்டிய கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றுக்கும் மேடு. பொன்னாங்கண்ணி, வல்லாரை, சேம்புக்கு வாய்க்காலே சொர்க்கம், பள்ளத்தையும் வீணாக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, செருமாவிலங்கையில் இருக்கும் வேளாண் கல்லூரியையோ கேட்கலாம்.

அதற்கு முன் உங்கள் மண்ணையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கட்டட வேலையில் மிஞ்சிய இரும்புக் கம்பி இரண்டு, முழங்கையளவுக்கு வெட்டியது போதும். நாகம் பூசியதாக இருக்கக் கூடாது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஐப்பசி பிறந்ததும் ஒன்றைத் தரையிலும் ஒன்றைப் பாத்தியிலும் செங்குத்தாகச் செருகுங்கள். நாலைந்து வாரம் கழித்துப் பிடுங்கிப் பாருங்கள். ஆக்சிஜன் எட்டிய ஆழம் வரை கம்பி செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்கும். அதற்குக் கீழே மங்கிய கருஞ்சாம்பலாகவே இருக்கும். உலகெங்கும் காட்டு மண்ணை அளக்கச் செய்கிற சோதனைதான், செலவு அரைத்தாள் உப்புத்தாள். சென்ற வருஷம் அத்தை கொல்லையில் தரைக் கம்பியில் மூன்று விரற்கடை துரு. புதிதாக வெட்டிப்போட்ட பாத்திக் கம்பியில் ஒரு சாணும் நாலு விரற்கடையும். பாத்தித் தக்காளி தை மாதம் வரை காய்த்தது.